பாலத்துக்குச் சொல்லி அனுப்பியது

மாட்டு வைத்தியர் இரண்டாவது முறையாக அக்காவின் கழுத்தில் விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துத் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஆடு மாடு பாக்குற டாக்டர்தாம்மா. ஆனா இதுல வித்தியாசம் ஒண்ணும் இல்ல. போயிட்டாங்க."

தங்கை தலையாட்டினாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. பாதை ஆற்றை ஒட்டித் திரும்பும் இடத்தில், "செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்டி" என்று மரத்தில் சாய்ந்த அக்கா, அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அப்போது எதிரே வந்தவர் இவர்.

"இங்க போன் எடுக்காது. நான் மேல் வாசலுக்குத்தான் போறேன், ஆபீஸ்ல சொல்லி ஸ்ட்ரெச்சரோட ஆள் அனுப்பச் சொல்றேன். கூட யாரும் வந்திருக்காங்களா?"

"அத்தான் வந்திருக்காரு. இவ வீட்டுக்காரரு. முன்னாடி போயிட்டாரு. தொங்கு பாலத்துக்கிட்ட உக்காந்திருப்பாரு."

"சீக்கிரம் சொல்லி விடுங்க. தூக்கிட்டாங்கன்னா நிக்க மாட்டாங்க. மேல வாசல், அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரி. அவரு பாட்டுக்குப் பாலத்துல உக்காந்துட்டிருக்கப் போறாரு."

அவர் அக்காவின் கண்களை மூடிவிட்டு ஏற்றத்தில் நடந்தார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் சேர்ந்து நடக்க அவருக்கு வராது. அக்கா அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தாள். காப்புக்காட்டுக்குள் இருப்பது ஒரே பாதை, முன்னால் போகிறவர்கள் எப்படியும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் அக்கா வழிப்போக்கர்களிடம் சொல்லி அனுப்புவாள். கால் சுளுக்கிவிட்டது, மயக்கம் வந்துவிட்டது, ஆற்றில் விழுந்துவிட்டேன். ஆரம்பத்தில் அவர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கா பாறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். பிறகு அவரும் எதிரே வருகிறவர்களிடம் பதில் சொல்லி அனுப்பக் கற்றுக்கொண்டார். எங்கே நடக்கப் போனாலும் இருவருக்கும் இதுதான் விளையாட்டு. இன்று காலையில் பாம்பு கடித்துவிட்டதாக அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். "பாம்பு எப்படி இருக்குன்னு கேக்கச் சொன்னாரு" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார் எதிரே வந்த ஒருவர். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கைத்தடிகளோடு ஓர் இளம் ஜோடி வந்தது. தங்கை எழுந்து நின்றாள்.

"பாலத்துக்கிட்ட நரைச்ச தாடி வெச்சு ஒருத்தர் இருப்பாரு. அவங்க வீட்டுல உடம்பு சரியில்ல, உடனே வரச் சொன்னாங்கன்னு சொல்றீங்களா?"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தூங்குறாங்களா? எழுப்பாதீங்க. நாங்க சொல்லிடறோம்."

தங்கை திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த ஒரு கும்பல், மரத்தை நெருங்கியதும் ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு நுனிக்காலில் கடந்தது. தங்கை துண்டை வீசி ஈ ஓட்டினாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. அளவு காட்டும் தூணில் பாதி எண்கள் காய்ந்து கிடந்தன.

பாலத்துப் பக்கமிருந்து கழுத்தில் பைனாகுலரோடு ஒருவர் வந்தார். வரும்போதே முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நீங்கதானே சொல்லி விட்டது? காலையில பாம்பு, இப்ப உடம்பு சரியில்லையா, நாடகம் போதும், எழுந்து வரச் சொல்லுங்கன்னாரு. சாப்பாட்டுப் பை அவர்கிட்டதான் இருக்காம். பசிச்சா தன்னால குணமாயிடும்னாரு."

"சரிங்க" என்றாள்.

"நல்லாத் தூங்குறாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

அவளே போய்ச் சொல்லலாம். போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அக்கா தனியாகக் கிடப்பாள். அடுத்து வருகிறவரிடம் உண்மையைச் சொல்லி அனுப்பலாம். அதைத்தான் அவள் யோசித்துப் பார்த்தாள். யாரோ ஒருவர் போய், உங்க மனைவி இறந்துட்டாங்க என்பார். அத்தான் சிரிப்பார். சாப்பிட்டுட்டுச் சாகச் சொல்லுங்க என்பார், அல்லது அதைவிட நல்லதாக ஒன்று. பிறகு வந்து பார்ப்பார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களை அவர் கழிக்க வேண்டும்.

அவளுக்கும் அத்தானுக்கும் பகை ஏதும் இல்லை. ஆனால் பேச வேண்டியதெல்லாம் அக்கா வழியாகப் போய் அக்கா வழியாகவே வந்துவிடும். இருவருக்கும் அது வசதியாக இருந்தது. அவருக்கென்று அவளாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதே இல்லை.

குடை பிடித்துக்கொண்டு ஒரு தடித்த பெண் தனியாக வந்தாள். தங்கை அவளை நிறுத்தினாள்.

"பாலத்துக்கிட்ட நரைச்ச தாடிக்காரர் ஒருத்தர் இருப்பாரு. அக்கா கூப்பிடல, தங்கச்சிதான் கூப்பிடுறான்னு சொல்லுங்க. அவ்வளவு போதும்."

குடைக்காரி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் புறங்கையில் ஓர் எறும்பு சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ன ஆச்சுன்னு கேட்டாருன்னா?"

"கேக்க மாட்டாரு. வரும்போது நீங்க கொஞ்சம் கூட வந்தா நல்லாருக்கும்."

"வரேன்" என்றாள். குடையை அக்காவின் முகத்தில் வெயில் படாதபடி கிளையில் செருகிவிட்டு வேகமாக நடந்தாள்.

வனக்காவலர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி வந்தார்கள். அக்காவைத் தூக்கி வைத்து, போர்த்தி, பட்டைகளை மாட்டினார்கள். முகத்தை மூட வேண்டாம் என்று தங்கை சொன்னாள்.

"கிளம்பலாங்களா?" என்றார் வழுக்கைத்தலைக் காவலர்.

"அத்தான் வரணும்."

"ஏத்தம்மா இது. வெளிச்சத்துலயே மேல போயிடணும். போலீசு வேற வந்து காத்துட்டிருக்கும்."

"அவர் வேகமா நடப்பாரு."

காவலர் மற்றவரைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டுப் போலாம்டா" என்று பாறையில் உட்கார்ந்தார். குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வளைவில் முதலில் தெரிந்தது குடைக்காரிதான். சாப்பாட்டுப் பை அவள் தோளில் இருந்தது. அத்தான் அவளுக்குச் சற்றுப் பின்னால் வந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் நின்றார். பிறகு அருகில் வந்தார்.

"எப்போ?"

"உக்காந்த உடனேயே. பாம்பு எப்படி இருக்குன்னு கேட்டு விட்டீங்கள்ல, அதுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்தா. வந்து உக்காந்தா."

அத்தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறமா ஒருத்தர்கிட்ட ஏதோ சொல்லி விட்டேனே."

"இங்க யாரும் வந்து ஒண்ணும் சொல்லலயே" என்றாள்.

"பைனாகுலர் மாட்டிட்டு ஒரு ஆளு."

"பாக்கல அத்தான்."

குடைக்காரி கிளையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையும் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். அக்காவின் கால்மாட்டில் குந்தினார்.

"இறுக்கிக் கட்டியிருக்கா" என்று சொல்லி ஷூவின் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு துளையாகத் தளர்த்தினார். காவலர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த காலின் முடிச்சு அவருக்கு அவிழவில்லை. தங்கை எதிரே குந்தி, நகத்தால் அதை நெம்பத் தொடங்கினாள்.