இரவல் கம்பளத்தில் காபி

ஜூன் 12, வியாழன்.

கறையைத் தேய்த்துவிட்டேன். ஒற்றி எடுத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செவில் அக்காவைப் பெண் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்களுக்கு அவள்தான் காபி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிடுவார். அதனால் சாயங்காலம் தட்டோடு நடந்து பழகினாள். கம்பளத்தின் ஓரம் காலைத் தடுக்கியது. கோப்பை கவிழ்ந்தது. நான் ஓடிவந்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். காபி வண்டல் கம்பளிக்குள் இறங்கி, கோப்பையளவு கறை தட்டளவு ஆனது.

கம்பளம் மேல்மாடியில் குடியிருக்கும் அண்டைவீட்டு நெரிமான் பெரியம்மாவுடையது. நடுவெல்லாம் வெண்ணெய் நிறம், ஓரத்தில் சிவப்புப் பூக்கள். அம்மா யாரிடமும் எதுவும் கேட்காதவள். அக்காவுக்காக முதல் தடவையாகப் படியேறிப் போய் இரவல் கேட்டாள். இது கறையோடு திரும்பினால் அம்மா அந்தப் படியில் தலை நிமிர்ந்து ஏற மாட்டாள்.

"மேல மேசையப் போட்டு மறைச்சிடலாம்டி" என்றாள் அக்கா.

"பெரியம்மா மேசையத் தள்ளச் சொல்லுவாங்க."

"சொல்ல மாட்டாங்க. அவங்களே தள்ளிடுவாங்க."

வேதியியல் மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை. வண்டல் காயும்வரை கம்பளத்தைத் தொடவும் இல்லை. சும்மா இருந்ததுதான் கஷ்டம். காய்ந்த பிறகு கரண்டி விளிம்பால் மெதுவாகச் சுரண்டி, தூசி உறிஞ்சியைப் போட்டேன். வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்தேன். என் கையை நம்பாததால், முதலில் மூலையில் ஒரு சிவப்புப் பூவை நனைத்து வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன். சாயம் வரவில்லை. அதற்குப் பிறகு பயமில்லை. கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணியில் பழுப்பு ஏற ஏறக் கம்பளத்தில் குறைந்தது.

"ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுது. வர்றவங்க காபிக்குப் பதிலா சோறு கேக்கப் போறாங்க."

"நீ நேரா நடந்திருந்தா நான் வகுப்புல உக்காந்திருப்பேன்."

கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, மறுபடி வெறும் தண்ணீர், பிறகு மின்விசிறி. கறை சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் காய்ந்ததும் அந்த இடம் மட்டும் தட்டளவுக்குப் பளிச்சென்று வெளுத்திருந்தது. சுற்றிலும் இருந்த அழுக்கைத்தான் வெண்ணெய் நிறம் என்று நினைத்திருக்கிறோம்.

"இதுக்குக் கறையே தேவலாம். நெலா மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. "கொஞ்சம் டீத்தண்ணி தெளிச்சு மங்கலாக்கிடேன்."

"அப்புறம் அதை வேற எடுக்கணும்."

மேலே போய்ப் பெரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உடனே மூக்குக்கண்ணாடியோடு இறங்கி வந்தார்.

"எங்கடி சிந்துச்சு?"

காட்டினேன். குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இதுதான் என் கம்பளத்தோட நெசமான நெறமா?"

"ஆமா பெரியம்மா."

"அப்போ மத்ததெல்லாம்?"

அக்கா என் முதுகில் கிள்ளினாள்.

"நாங்க சிந்தினது இந்த வட்டம்தான், பெரியம்மா. மத்தது வரும்போதே இருந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானை போல் தொங்கிய தலைத்துணி நுனியில் துடைத்தார். சொன்னது அதிகமோ என்று தோன்றியது. ஆனாலும் அது உண்மை.

"சலவைக்காரன் கேக்குற கூலிக்குப் பயந்துதான் நான் இதைக் குடுக்காமலே வெச்சிருந்தேன்" என்றார். "ஒரு வட்டம் பண்ணிட்ட. மீதியையும் பண்ணிடு."

"அம்மாகிட்ட..."

"உங்கம்மாகிட்ட என்ன சொல்ல? கம்பளத்தத் தொவச்சுத் தர்றியான்னு கேட்டேன், சரின்னா பொண்ணு. அவ்வளவுதான்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்தார். "நடக்கத் தெரியாதவளும் கூடப் போய்த் தேய்க்கட்டும்."

பெரியம்மாவுக்குச் சொந்த ஊர் கைசேரி; காசு விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று பேர்போன ஊர். கதவைச் சாத்தியதும் அக்கா சிரித்தாள். "கைசேரிக்காரி கம்பளத்துல சிந்துன காபிகூட வீணாப் போகாது."

நாளை: நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு கேட்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கம்பளத்தை இருவருமாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், குளிர்ந்த தண்ணீரில், கம்பளி இழைகள் படிந்திருக்கும் திசையிலேயே தேய்த்து, முழுவதையும் துவைக்க வேண்டும்.