தனிப்பானை

பருத்திக்கொட்டை தீர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எருமை வைக்கோலை மட்டும் மென்றது. பால் பாதியாகக் குறைந்தது.

எருமை செல்லத்தாய்க்குத் தாய்வீட்டில் கொடுத்தது. புல் அறுப்பதும் பால் பீய்ச்சுவதும் பசுமலையில் வாத்தியார் வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும் அவள். மாதம் பிறந்தால் போய்க் காசு வாங்குவது அவள் புருசன் பேயாண்டி. அந்தக் காசு கீழக்குயில்குடிக் கண்மாய்க் கரையில் இருக்கும் கள்ளுக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். பாதிதான் வந்து சேரும்.

சர்க்கார் மறுபடி கள்ளுக்கடைகளைத் திறந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கருத்தக்கண்ணன் கடையில் இரண்டு பானைகள். பெரிய பானைக் கள் தகர டம்ளரில், எட்டணா. சின்னப் பானைக் கள் கண்ணாடிக் கிளாசில், ஒன்றரை ரூபாய். மலையடியில் நிற்கும் நாலைந்து பனைகளில் இறக்கியது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேராதது என்பான். அதற்குத் தனிப்பானை என்று பெயர். பேயாண்டி அதைத்தான் குடிப்பான்.

"எட்டணாக் கள்ளுல போதை வராதா?" என்று மாதக் கடைசியில் அவள் கேட்டாள்.

"போதைக்கா குடிக்கிறேன்? ருசிடி. அதுக்கு எம்புட்டு வேணாலும் குடுக்கலாம். குடிச்சுப் பாத்தவனுக்குத்தான் தெரியும். நீ என்னத்தக் கண்ட?"

மறுநாள் ஒன்றாம் தேதி. பால் ஊற்றிய கையோடு வீடு வீடாகக் காசு கேட்டாள்.

"எப்பவும் அவருதானே வருவாரு?" என்றாள் ஒரு டீச்சர்.

"எருமை என்னுது டீச்சர்."

காசைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். காலித் தூக்குவாளியோடு நேராகக் கண்மாய்க் கரைக்கு நடந்தாள்.

கடை பெஞ்சில் பேயாண்டி இருந்தான். பக்கத்தில் அவன் கூட்டாளி முத்திருளன். பேயாண்டி முன்னால் கிளாஸ் நிறைந்து நின்றது. இன்னும் வாய் வைக்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"எருமைக்கு என்னமும் ஆயிருச்சா?"

"எருமைக்கு ஒண்ணுமில்ல. தள்ளி உக்காரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, பெரிய பானையில ஒண்ணு, சின்னப் பானையில ஒண்ணு. ரெண்டையும் தகர டம்ளர்ல ஊத்துங்க."

கருத்தக்கண்ணன் பேயாண்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"தனிப்பானைக்குக் கிளாசுதான் தங்கச்சி."

"விலையில கிளாசும் சேத்தியா?"

முத்திருளன் சிரித்துவிட்டான். "கேளு தங்கச்சி, நல்லாக் கேளு. பெரிய பானைக்குள்ள கண்மாயே கெடக்கு."

"ஓசியில குடிக்கிறவனுக்கு வாயப் பாரு," என்றான் கருத்தக்கண்ணன். இரண்டு தகர டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தான்.

"எந்திரிடி," என்றான் பேயாண்டி. "ஊரு என்ன பேசும்?"

"குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்னு நீதானய்யா சொன்ன. பாக்க வந்திருக்கேன்."

பெரிய பானைக் கள்ளில் ஒரு வாய் குடித்தாள். புளித்தது. பின்னாலேயே சீனிச் சக்கரை போட்ட ஒரு தித்திப்பு வந்தது. டம்ளரைத் தள்ளி வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதை மெதுவாகக் குடித்தாள். நுங்கின் குளிர்ச்சி இருந்தது. நாக்கில் லேசாகக் கடித்தது. தொண்டையை விட்டு இறங்கியும் வாசம் நின்றது. கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் துப்புவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நல்லா இருக்கு," என்றாள். "ஒண்ணரை ரூவா குடுக்கலாம்."

பேயாண்டிக்கு மூச்சு வந்தது. "நான் சொல்லல?" என்றான் பெஞ்சைப் பார்த்து. "தெரிஞ்சுக்கிட்டாளா? இனிமே பேச மாட்டா." கிளாசுக்குக் கையை நீட்டினான்.

"அதுக்குக் காசு குடுத்துட்டியா?"

"சாயந்திரம் பசுமலைக்குப் போவேன்ல."

"போக வேணாம். நான் வாங்கிட்டேன்."

சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். இரண்டு டம்ளருக்கும் அந்தக் கிளாசுக்கும் சேர்த்துப் பெஞ்சின்மேல் எண்ணி வைத்தாள். பையை மறுபடி இறுக்கினாள். பிறகு கிளாசைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வாய் குடித்து மீந்திருந்த தகர டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தாய்யா. இதுக்கும் எருமைதான் காசு குடுத்திருக்கு."

பேயாண்டி கையை ஓங்கினான்.

"அடி," என்றாள். "காலையில நீ போய்ப் பீய்ச்சு. உன் கை பட்டா எருமை மடியக் குடுக்குதான்னு பாப்போம்."

கை நின்ற இடத்தில் நின்றது. முத்திருளன் அதைப் பிடித்து இறக்கினான். "உக்காரு மாப்ள. அது உன்னைய ஏற்கெனவே ஒதைச்சிருக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பேயாண்டி உட்கார்ந்தான். செல்லத்தாய் சிரிக்கவில்லை. அவசரப்படாமல் அந்தக் கிளாசையும் குடித்து முடித்தாள். சேலையால் வாயைத் துடைத்தாள். தூக்குவாளியை எடுத்தாள்.

"அண்ணே, அடுத்த மாசம் வாரேன். தனிப்பானையில எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

"மாப்ளைக்கு?"

"அவரு சம்பாதிச்சா அவரு குடிக்கட்டும். எருமைக் காசுக்கு நான் ஒருத்திதான்."

பருத்திக்கொட்டைக் கடை மெயின் ரோட்டில் இருந்தது. கரையை விட்டு இறங்கும்போது கால் லேசாகத் தள்ளாடியது. அவள் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நேராக நடந்தாள்.