இன்னொரு சதுரம்

தாமதத்தால் இல்லை. நான் தாமதமாகப் போனதால் இல்லை. மரபணு ஆலோசகர் பேசிக்கொண்டிருக்கும்போதே தையல்காரியின் மனதுக்குள் இது மட்டும்தான் ஓடியது. ஆறு வயது மகன் கழுத்து நிற்காமல் அவள் தோளில் சாய்ந்திருந்தான். பிள்ளை தேறமாட்டான் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்கிறார், எனக்கு நெஞ்சு லேசாகிறதே, நானெல்லாம் ஒரு தாயா என்று அவளுக்கே கூசியது.

பிரசவ வலி எடுத்த அன்று மதியம், பள்ளிச் சீருடைகளை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த ஒரு மதியத்தைப் பிடித்துக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் அவளை வறுத்தெடுத்தது. "பிள்ளையைவிட பட்டன் பெருசாப் போச்சு அவளுக்கு" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவளும் அதையே நம்பினாள். காலையில் மகனின் இறுகிய விரல்களை வெந்நீர்த் துணியால் ஒற்றி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போதெல்லாம் அந்த மதியம்தான் கண்முன் நிற்கும்.

இப்போது மகனின் மரபணு முழுவதையும் வரிசையாகப் படித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் பிசகு. அவளுடைய ரத்தத்திலும் அதே பிசகு. பெண்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம். ஆண்பிள்ளைக்கு இறங்கினால் விடாதாம். ஆலோசகர் ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். மகனின் சதுரத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டு, கூட வந்திருந்த அவளுடைய அம்மாவிடம், உங்கள் பிள்ளைகளில் யாராவது சின்ன வயதில் தவறியதுண்டா என்று கேட்டார்.

"மூத்தவன். காய்ச்சல்ல போயிட்டான்."

"அவனுக்குக் கழுத்து நின்னுச்சாம்மா?"

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். ஆலோசகர் காத்திருந்து பார்த்துவிட்டு, இன்னொரு சதுரத்தையும் மெதுவாகக் கறுப்பாக்கினார். பிறகு அவளுடைய தங்கையின் வட்டத்தில் பென்சில் வந்து நின்றது. தங்கைக்கு இது மூன்றாம் மாதம் என்று தெரிந்ததும், இந்த வாரமே அவளைப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே நடையில் காலியாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"மூத்தவன் கையும் இப்படித்தான் மூடிக்கும்" என்றாள் அம்மா, பேரனைப் பார்க்காமல்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியாம்மா?"

"இதுவா இருக்குமோன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வாய் வரல."

மாமியார் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் தலைகுனிந்து நிற்பாள். மகளுக்காக வெட்கப்படுகிறாள் என்றல்லவா இவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அவள் மடியில் கிடந்த போன் அடித்தது. தங்கைதான், என்ன சொன்னார்கள் என்று கேட்கக் காத்திருப்பாள். அவள் எடுப்பதற்குள் அம்மா போனைப் பறித்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"சின்னவகிட்ட எதையும் சொல்லாதடி. ஏங்கி ஏங்கி இப்பத்தான் தரிச்சிருக்கு. லேட்டாப் போனதாலதான்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு சொல்லிடு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத்தான் பழகிப்போச்சே."

அவள் மகனைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். எச்சில் அவள் ரவிக்கையை நனைத்து முதுகுவரை இறங்கியிருந்தது.

"இல்லம்மா" என்றாள்.

அம்மாவின் கையைத் தன் மடிக்கு இழுத்தாள். சுண்டுவிரலில் தொடங்கி, வலிக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரலுக்கு வந்தபோது மணி நின்றது. பிறகு மறுபடி அடித்தது.