வயர் கழன்றது

நேற்றுதான் அந்த ஆஸ்பத்திரியின் மானிட்டர் புரோகிராமில் கை வைத்திருந்தாள் அவள். தயாரித்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். எழுதிய மூல நிரல் யாரிடமும் இல்லை. மிஞ்சியது மெஷினுக்குப் புரிகிற பைட்கோடு மட்டும். அதன் கட்டளைகளையே நேரடியாகத் திருத்தி, பன்னிரண்டு படுக்கைகளின் இதயத் துடிப்பும் நர்ஸ் மேஜையில் தெரியும்படி செய்துவிட்டாள். ஆபீசில் ஒருவர் விடாமல் உட்காரவைத்துச் சோதித்தும் பார்த்திருந்தாள். எல்லாருக்கும் எழுபது, எண்பது. கனகச்சிதம்!

இன்று அதே வார்டில் அவளுடைய அண்ணன். காலையில் வயிற்றில் ஆபரேஷன்.

"வாம்மா கம்ப்யூட்டர் டாக்டர்! உன் மெஷினும் உங்க அண்ணன் மாதிரிதான். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்" என்று சிரித்தாள் அண்ணி.

திரையில் 'வயர் கழன்றது' என்று இருந்தது.

"மூணு தடவை ஒட்டிட்டேம்மா. நிக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார் நர்ஸ்.

அவள் குனிந்து பார்த்தாள். வயர் மார்பில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. அண்ணனின் நெற்றியில்தான் முத்து முத்தாக வியர்வை. பட்டனை அழுத்தி, உள்ளே பதிவான எண்ணைப் பார்த்தாள்.

மைனஸ் 116.

இதயம் மைனஸிலா துடிக்கும்?

துடிப்பைக் குறித்துவைக்கும் பெரிய எண் வகையை, மெமரியில் இடம் மிச்சம் என்று, மிகச் சிறிய வகைக்கு மாற்றியது அவள்தான். அதில் 127 வரைதான் கொள்ளும். ஒன்று கூடினாலும் எண் மைனஸுக்குப் புரண்டுவிடும். மைனஸ் வந்தால் வயர் கழன்றதாக நினைத்து, சைரன் அடிக்காமல் இருந்துவிடும் பழைய புரோகிராம். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தவர்களில் யாருக்கு 127 தாண்டும்?

அப்படிப் புரளும்போது இருநூற்றைம்பத்தாறு குறைந்துபோகும். அதைத் திரும்பக் கூட்டினாள். நூற்று நாற்பது!

"சிஸ்டர், வயரை விடுங்க! கையைப் பிடிச்சு எண்ணுங்க!"

கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிய நர்ஸின் முகம் வெளுத்தது. "பதினஞ்சு செகண்டுல முப்பத்தஞ்சு... ஐயோ, டாக்டர்!"

ஓடிவந்த டாக்டர் போர்வையை விலக்கினார். வயிற்றுக் கட்டு முழுக்க ரத்தம்.

"உள்ளே தையல் விட்டிருக்கு. தியேட்டருக்குத் தள்ளுங்க! நல்லவேளை, இப்பவாவது பார்த்தீங்க."

"என்னடி ஆச்சு? மெஷின் ஒண்ணுமே சொல்லலையே!" கட்டிலோடு ஓடினாள் அண்ணி.

அண்ணிக்குப் பின்னாலேயே ஓடியவளின் கால்கள் நர்ஸ் மேஜையருகே நின்றுவிட்டன.

ஏழாம் படுக்கை: வயர் கழன்றது. பதினொன்றாம் படுக்கை: வயர் கழன்றது.

"சிஸ்டர், நீங்க பதினொண்ணைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே ஏழாம் படுக்கைக்குப் பாய்ந்து, முன்பின் தெரியாத அந்தப் பெரியவரின் மணிக்கட்டைப் பற்றி எண்ணத் தொடங்கினாள்.