ஹெலினாவில் போனவர்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஃப்ளோரன்ஸ் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அவள் புளுகு பதினோரு மாதம் ஓடியது. புருஷன் லியோனார்டைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன மறுநாள், நைனா எங்கே என்று கேட்ட மகளிடம் கப்பலில் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். எல்சிக்கு அப்போது ஏழு வயசு. எந்தக் கப்பல் என்று விடாமல் கேட்டாள். ராயபுரத்துப் பிள்ளைக்கு வெறுமனே கப்பல் என்றால் போதாது, அதற்குப் பெயர் வேண்டும், கொடி வேண்டும், என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். துறைமுகத்தில் லியோனார்ட் கடைசியாக வேலை பார்த்த கோதுமைக் கப்பலின் பெயர்தான் வாயில் வந்தது. ஹெலினா என்றாள். வேறு ஊரில் பிழைக்கிறவளாக இருந்தால் இந்தப் பொய்யை இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு சொன்னதுதான் தப்பு. போன கப்பல் திரும்பி வரும் என்பது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பின்னால் பலமுறை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை ஹெலினா வந்து நின்றது. தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அக்காவிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் வரைக்கும் பிள்ளை காதில் விழாமல் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கப்பல் வந்த சேதியை மட்டும் யார் கட்டிவைப்பது? பள்ளிக்கூடத்தில் யார் வீட்டுப் பிள்ளையோ சொல்லிவிட்டது. எல்சி வீட்டுக்கு வந்து, ஈஸ்டருக்குத் தைத்த கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரிப்பனைத் தானே கோணலாகக் கட்டிக்கொண்டு துறைமுக கேட்டுக்குப் போய் நின்றிருக்கிறாள். ஃப்ளோரன்ஸ் இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து விரல்கள் விறைத்துப்போய்த் திரும்பியபோது, கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மதார் சாகிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மூன்று மணியிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஆளிடமும் ஹெலினாவிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டதாம். பசிக்குமே என்று அவர் ஒரு பன் கொடுத்தாராம். அதையும் தின்னாமல் நைனாவுக்கு என்று தாளில் சுற்றி வைத்துக்கொண்டதாம். அவர் இதைத் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ஃப்ளோரன்ஸின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எல்சி அழவில்லை. அழுதிருந்தால் ஃப்ளோரன்ஸ் இன்னொரு பொய்யைத் தேடிப் பிடித்திருப்பாள். தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"நைனாவுக்கு எம்மேல கோவமாம்மா?"

கப்பல் வந்துவிட்டது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், அவர் மட்டும் வீட்டுக்கு வரவில்லை என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? அவர் போன அன்று காலையில் கஞ்சியைக் கொட்டியதற்காக எல்சி அவரிடம் திட்டு வாங்கியிருந்தாள். பதினோரு மாதமாக அதை மனசிலேயே வைத்திருக்கிறாள். தன் பொய் அவமானத்தை மூடிவைத்திருக்கிறது என்று ஃப்ளோரன்ஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். அது இந்த எலும்பும் தோலுமான பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"நைனா கப்பல்ல போவல எல்சி. சண்டையில ஒரு ஆள அடிச்சிட்டாரு. ஜெயில்ல கீறாரு."

எல்சி தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அது ரொம்ப தூரமா?"

"தூரமில்ல. பஸ்ஸு ஏறினா பாதி ஜெபமாலை சொல்றதுக்குள்ள வந்துடும்."

"அப்போ நாம ஏன் போவல?"

ஃப்ளோரன்ஸ் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தாள், கொருக்குப்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு. லியோனார்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: எம்புள்ள என்ன இந்தச் சட்டையில பாக்கக் கூடாது, இட்டாந்தா நான் வெளியவே வரமாட்டேன். அவன் சொன்னால் சொன்னதுதான். மேஸ்திரி ஒருத்தனை மூட்டைக் கொக்கியால் அடித்ததும் அதே பிடிவாதத்தில்தான். அந்த ஆளால் இன்னும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இவனுக்கு இரண்டரை வருஷத் தண்டனை. கூட்டிக்கொண்டு போய், பிள்ளை கண்ணெதிரே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? நைனாவுக்குக் கோபம்தான் என்று அப்புறம் ஆயுசுக்கும் நம்பிவிடுமே. இரண்டு நாள் இதையே நினைத்துத் தவித்தாள். சனிக்கிழமை காலையில் எல்சி கேட்காமலே ஈஸ்டர் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கையில் அந்தப் பன், கல்லாக இறுகிப்போய். ஃப்ளோரன்ஸ் ரிப்பனை அவிழ்த்து நேராகக் கட்டிவிட்டாள்.

ஜெயிலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றார்கள். பன்னை உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே இரண்டு கம்பிவலை, நடுவே ஒரு ஆள் நடக்கிற சந்து, அதில் வார்டர் ஒருத்தர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மீன் ஏலம் கூடத் தோற்றுவிடும். பதினோரு மாதமாக ஃப்ளோரன்ஸும் இங்கே தொண்டை கிழியக் கத்திவிட்டு, அவன் சொன்னதில் பாதி புரியாமல்தான் வீடு திரும்பியிருக்கிறாள்.

லியோனார்ட் வெள்ளைச் சட்டையும் அரைக்கால் நிஜாருமாக வந்தான். கூட்டத்தில் ஃப்ளோரன்ஸைத் தேடினான். அப்புறம் அவள் இடுப்பை ஒட்டி நின்ற பிள்ளையின் கவுனைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஃப்ளோரன்ஸ் கூப்பிட்ட சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை. பாவி, நான் பயந்தது நடந்துவிட்டதே என்று கம்பிவலையைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பக்கம் நின்று தோளைத் தொட்ட இன்னொரு வார்டரிடம் ஏதோ சொல்வதற்காக லியோனார்ட் பாதி திரும்பினான்.

எல்சி கம்பிவலையின் அடிச்சட்டத்தில் ஏறி நின்று வலது கையை உயரத் தூக்கினாள்.

லியோனார்டின் வேலையே கை காட்டுகிற வேலைதான். கப்பலின் மேல்தட்டில், சரக்கறை வாய் ஓரமாக நின்று, ஆழத்தில் மூட்டை கட்டுகிறவர்களையும் மேலே மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிறவனையும் கையாலேயே இணைத்து வைப்பான். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெல்ல இறக்கு. விரல்களை முட்டியாக மடக்கினால் நிறுத்து. கையைத் தன் பக்கம் வளைத்தால் இங்கே கொண்டு வா. தலையில் இரண்டு தட்டு தட்டினால் அடுத்த மூட்டைக் கட்டை அனுப்பு. வீட்டில் இதுதான் அப்பனுக்கும் மகளுக்கும் விளையாட்டு. எல்சி கை காட்டுவாள், அவன் வின்ச்சாகி அவளைக் கூரை வரைக்கும் தூக்குவான். பைத்தியங்கள் என்று ஃப்ளோரன்ஸ் அடுப்படியிலிருந்து திட்டுவாள். கை காட்டிட்டா வின்ச்சு கேட்டே ஆவணும், கேக்காட்டி கீழ இருக்குறவன் செத்துடுவான் என்று அவன் பிள்ளைக்கு அப்போதே சொல்லிக்கொடுத்திருந்தான்.

எல்சி கையைத் தன் பக்கம் வளைத்தாள். ஒரு முறை. இன்னொரு முறை. இங்கே கொண்டு வா.

லியோனார்ட் பார்த்துவிட்டான். அவன் கால் தானாக நகர்ந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு, கம்பிவலைக்கு வந்து சேர்ந்தான். எல்சி முட்டியை மடக்கினாள். நின்றான். தலை இன்னும் குனிந்தே இருந்தது. அவள் விரலைச் சுழற்றினாள், சுழற்றிக்கொண்டே இருந்தாள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கண்ணீர் தாடி வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து சிரித்தான்.

அப்புறம் இரண்டு பேருடைய கைகளும் ஓயவில்லை. என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியாது. இருக்கிற நாலைந்து சைகையில் அப்படி என்னதான் பேச முடியும்? ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவில் கத்தாமல் பேசியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒரு தடவை லியோனார்ட் காற்றில் கஞ்சிச் சட்டியைக் கவிழ்ப்பதுபோல் காட்டிவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அது எந்தக் கப்பலிலும் இல்லாத சைகை. பிள்ளை அதை மனசில் வைத்திருப்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஃப்ளோரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, இனிமேல் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

விசில் அடித்தார்கள். அந்தப் பக்கத்து வார்டர் அவன் தோளில் கை வைத்துத் திருப்பினார். எல்சி முட்டியை மடக்கி உயர்த்தினாள். லியோனார்ட் நின்றான். அவன் நின்றதைப் பார்த்து வார்டரும், எதற்கென்று தெரியாமலே, நின்றார். பிள்ளையின் மடக்கிய முட்டி அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கை விரிந்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்ல மெல்ல இறங்கியது.

அவன் நடந்தான். கதவுக்குள் நுழைகிறபோது திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கித் தன் மொட்டைத் தலையில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டினான். அடுத்த கட்டை அனுப்பு.