ஒத்தை முகத்து ஆல்பம்

எட்டு வருஷம் பேஸ் கித்தார் வாசித்தும் வேல்ராஜின் முகத்தை ஒரு படத்திலும் யாரும் பார்த்ததில்லை. நகுலின் ஃபங்க் குழுவில் கேட்பவர் இடுப்பை ஆட்டி வைக்கும் தாளமெல்லாம் அவன் விரலிலிருந்துதான் வந்தது. போட்டோவில் மட்டும் நகுலின் முடிக்குப் பின்னால் அவனுடைய ஒரு காது தெரியும். அதுவும் நகுல் முடி வெட்டிக்கொண்ட மாதங்களில்.

அதனால்தான் குழுவைவிட்டு வந்து சொந்த ஆல்பம் போட்டபோது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தான். டிரம்ஸ், கீபோர்டு, கித்தார் எல்லாம் அவனே வாசித்தது. அட்டையிலும் அவன் மட்டும்தான்.

தாராவியில் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் நஜிமுதீன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒத்தை முகமா? கீழ வரிசையா இருபது தலை வைக்கண்டாமா? ஒன் மச்சான், சங்கத்துத் தலைவரு, தண்ணி திறந்துவிடுத ஆளு..."

"ஒருத்தரும் வேண்டாம் பாய். நான் மட்டும். பின்னால முழுக்கக் கறுப்பு."

"மக்கா, ஒத்தை முகம்னா நான் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அடிப்பேன்."

"சோலோ ஆல்பம் பாய்! பயப்படாம பிந்தாஸா அடிங்க."

அடித்தார். வெளியீட்டு நாள் காலையில் சந்து முனையில் வேல்ராஜ் பத்தடி உயரத்துக்குத் தொங்கினான். கறுப்புப் பின்னணி, கையில் கித்தார், சிரிக்காத முகம், கீழே அன்றைய தேதி. 'மாலை 6 மணி, கிங்ஸ் சர்க்கிள்' என்ற எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பத்து மணிக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் காட்கோபரைத் தாண்டி தாணேக்குப் போய்விட்டது. பத்தரைக்குச் செம்பூரிலிருந்து முருகம்மாள் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கி, மாரில் அடித்துக்கொண்டே படியேறினாள்.

"ஏ என் ராசா! எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!"

கதவைத் திறந்தது வேல்ராஜ். வாயில் பிரஷ்.

அத்தை ஒப்பாரியை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பளாரென்று ஒன்று விட்டாள்.

"மாட்டுங்கா பூக்கடையில சண்டை போட்டு மாலை வாங்கிட்டு வாரேன், நீ பல்லு வெளக்கிட்டு நிக்கே!"

"அது ஆல்பம் அத்தை!"

"ஒத்தையா நிக்கான், பின்னால கறுப்பு, கீழ தேதி. நான் என்னன்னுலே நெனைக்க?"

அவன் மனைவி மாரிசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானே பால் வாங்கப் போனப்ப பாத்துட்டு ஓடி வந்து தொட்டுப் பாத்தேன் அத்தை. தூக்கத்துல ஒதைச்சாரு. பொறவுதான் டீ போட்டேன்."

பதினோரு மணிக்குள் மாலையும் கையுமாகப் பதினாறு பேர் வந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பதற்காக வேல்ராஜ் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

"கூட நாலு தலைய வையி," என்றாள் அத்தை. "என் தலையும் ஒண்ணு. இல்லேன்னா அந்தப் படத்துக்கு முன்னால நீ வாசிக்கக் கூடாது."

வேல்ராஜுக்கு அழுகை வந்தது. அத்தை வந்தால் மாமா வருவார், மாமா வந்தால் சங்கமே வரும். கடைசியில் பழையபடி அவன் காதுதான் மிஞ்சும். நஜிமுதீனிடம் ஓடினான்.

"பாய், என் மூஞ்சி மட்டும்தான் இருக்கணும். ஆனா உசுரோட இருக்கான்னு பாத்ததும் தெரியணும்!"

நஜிமுதீன் தாடியைச் சொறிந்தார். "செத்தவன் போன் பேசுவானா?"

"மாட்டான்."

"அவ்வளவுதான். நீ போயி சட்டையத் தேய்."

தேர்தல் போர்டுகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த படங்களில், செல்போன் பிடித்த கை ஒன்றை எடுத்து வேல்ராஜின் காதோடு ஒட்டினார். அதையே ஆல்பத்தின் அட்டையாகவும் இணையத்தில் ஏற்றிவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. சாவுக்கென்று லீவு போட்டவர்கள் அதை வீணாக்க மனமில்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையேறிய வேல்ராஜ் புதுப் போர்டைத் திரும்பிப் பார்த்தான். முகம் ஒன்றுதான். நிம்மதியாக மூச்சுவிட்டவன், கைகளை எண்ணினான். கித்தாரில் இரண்டு. போனில் ஒன்று.

முன்வரிசையில் முருகம்மாள் அத்தையும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை எண்ணிவிட்டுப் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தாள்.

"அத்தனையும் இவன் ஒருத்தனே வாசிச்சான்னாங்க, நான் நம்பல. இப்பல்லா வெளங்குது."