ஓட்டை இல்லாத வலை

வலையில் ஓட்டை இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று, அடிக்கயிற்றைக் காலாலும் கண்ணிகளைக் கையாலும் தடவித் தடவிப் பார்த்துவிட்டான் நெட்டையன். ஆறு உப்பங்கழியில் சேரும் இடத்தில் குறுக்கே கட்டிய வலை அது. ஆற்றுப் பக்கம் ஜிலேபிக் கெண்டை புழுத்துக் கிடந்தது. எங்கிருந்தோ வந்த மீன், கிடைத்ததை எல்லாம் தின்னும், உப்பையும் தாங்கும். கழி அரசாங்கம் காக்கிற இடம். அங்கே அது நுழையக் கூடாது. பிடித்துக் களைவதுதான் இவனுக்கும் மச்சானுக்கும் வேலை. ஆனால் போன வாரம் கழிக்குள்ளேயே விரல் நீளத்தில் ஜிலேபி துள்ளியது. ஓட்டையைக் கண்டுபிடிக்காவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று கழியைக் காக்கும் அலுவலர் சொல்லிவிட்டார்.

கரையேறிக் கழிப் பக்கத்துத் துறைக்குப் போனான். மச்சான், பெண்டாட்டிக்கு அண்ணன், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன், மீனைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, ஓட்டை சிக்குச்சா?"

"ஊசி நுழையக்கூட வழியில்ல மச்சான்."

"அப்ப பறந்தா வந்துச்சு? றெக்கை இருக்கான்னு பாரு."

செத்து நாறினால் எடை போடும்போது அலுவலர் கத்துகிறார் என்று, ஆற்றுத் தண்ணீரோடு நீலப் பீப்பாயில் மீனை உயிரோடு கொண்டுவருவது மச்சானின் ஏற்பாடு. மீனை எடுத்தபின் தண்ணீரைத் துறையிலேயே கவிழ்ப்பது நெட்டையன் பாடு. இன்றும் பீப்பாயைச் சாய்க்கப் போனவனுக்குக் கை நின்றது.

அடியில் கடுகு இறைத்ததுபோல என்னவோ ஓடியது. கடுகுக்குக் கண் இருந்தது.

பெட்டை ஜிலேபி குஞ்சுகளை வாயில் அடைகாக்கும், மிரண்டால் குஞ்சுகள் அந்த வாய்க்குள்ளேயே ஓடிப் புகும், பிடிபட்டால் தாய் கக்கிவிடும். அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் தண்ணீரை அவன் வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தான். அப்படியானால் இத்தனை நாளும் கழியில் கவிழ்த்தது? இல்லை, இது மடவைக் குஞ்சாகவும் இருக்கலாம். மடவை கழியின் சொந்த மீன், ஆற்றுக்கும் ஏறி வரும். இந்த அளவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மடவையைத் தரையில் கொட்டினால் தப்பு, ஜிலேபியைக் கழியில் விட்டால் தப்பு.

"மச்சான், இங்க வந்து பாரு."

மச்சான் எட்டிப் பார்த்தான். குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"வாயைத் தொறக்காத. ஓட்டைன்னா வலை கட்டுனவன் தலை உருளும், தண்ணின்னா நம்ம தலை. தங்கச்சி உண்டாயிருக்கா, ஞாபகம் வச்சுக்க. பேசாம ஊத்து."

"எங்க ஊத்த?"

"தினம் ஊத்துற எடத்துலதான்…" என்றவன் கழியைப் பார்த்தான். "இரு. வேணாம். இரு."

துறையோரத்து அலுவலகக் கதவு திறந்தது. அலுவலர் தலையை நீட்டினார்.

"என்னப்பா, ஓட்டை கிடைச்சுதா?"

நெட்டையன் எதற்கென்றே தெரியாமல் கையைக் குவித்துப் பீப்பாய்க்குள் விட்டான். புள்ளிகள் சிதறி ஓடின. பிறகு ஒன்று திரும்பியது, பின்னாலேயே ஒரு கூட்டம். விரல்களுக்கு நடுவே இருண்டிருந்த குழியைப் பார்த்து, முண்டியடித்துக்கொண்டு உள்ளே புகுந்தன. துறைப் பலகையில் செருப்புச் சத்தம் நெருங்கியது. கையை எடுக்கத் தெரியாமல் குனிந்தே நின்றான். உள்ளங்கை குறுகுறுத்தது.